தெப்பத்தில் ஏறிய அரைகல்

அச்சகத்தில் அவளுக்குக் காற்புள்ளி என்று பெயர். வைத்தவர் மெஷின் ஓட்டுபவர். அடுத்தவர் எழுதிய வாக்கியம் எவ்வளவு வேகமாக ஓடி வந்தாலும், நடுவில் காலை நீட்டி ஒரு நிமிஷம் நிறுத்திவிடுவாள் என்பதால் அந்தப் பெயர். இருபத்திரண்டு வருஷமாகப் புரூஃப் பார்க்கிறாள். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரும் மாப்பிள்ளையின் அப்பா பெயரும் இடம் மாறி, அப்பாவுக்கே இரண்டாவது கல்யாணம் ஆகவிருந்ததை அச்சேறும் நேரத்தில் தடுத்து நிறுத்தியது அவள்தான். அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் அவளைக் கண்டால் அப்பாக்காரர் முதலில் எழுந்து நிற்பார்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த அண்ணன் ஓர் ஆராய்ச்சியாளர். அருங்காட்சியகத்தில் வேலை. கரையிலிருந்து நூற்றெண்பது மைல் தள்ளி ஒரு தீவு இருக்கிறது. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் மனிதன் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்பதுதான் அவருடைய கேள்வி, கவலை, காலைக் காப்பி எல்லாம். மூங்கிலால் தெப்பம் கட்டி, நட்சத்திரம் பார்த்து, அலையின் போக்கைப் படித்து, தெரிந்தேதான் போனான் என்பது அவர் கட்சி. அதற்காகப் பத்தொன்பது வருஷம் உழைத்து அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் 'வழி தவறாதவன்' என்று ஒரு புத்தகம் எழுதினார். காற்புள்ளி அதை மூன்று முறை புரூஃப் பார்த்தாள். உலகத்தில் அந்தப் புத்தகத்தை முழுதாகப் படித்தவர்கள் மூன்று பேர் என்றால், அந்த மூன்று பேரும் அவள்தான்.

எதிர்க்கட்சி வெளியே இல்லை, வீட்டுக்குள்ளேயே இருந்தது. அண்ணியின் கூடப்பிறந்த அண்ணன் கல்லூரியில் பேராசிரியர். அவர் எழுதியது நாற்பதே பக்கம். 'அலை ஒதுக்கியவன்' என்று தலைப்பு. மீன் பிடிக்கப் போனான், காற்று அடித்தது, தீவில் ஒதுங்கினான், அவ்வளவுதான் என்று முடித்துவிட்டார். அதுவும் இதே அச்சகத்தில்தான் அச்சானது, அதற்கும் இவளேதான் புரூஃப். அந்தப் புத்தகத்தை நிறையப் பேர் படித்திருந்தார்கள். அண்ணனுக்குக் கருத்து வேற்றுமைகூடப் பெரிதில்லை, அந்த விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

மாமன் மச்சான் சண்டை குடும்பத்தில் எந்த விசேஷம் வந்தாலும் பந்தியில் உட்காரும். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேராசிரியர் மைத்துனர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"பேப்பர்ல தெப்பம் ஓட்டறது சுலபம் மாப்பிள்ளை. தண்ணியில ஓட்டிக் காட்டுங்க. துடுப்பைப் பிடிச்சு, வழி பார்த்து, தீவோட தென் விரிகுடாவுல வந்து இறங்குங்க. உங்க ரெண்டாம் பதிப்புக்கு நானே முன்னுரை எழுதறேன்."

"எழுதித்தான் ஆகணும் மச்சான். பின்வாங்கக் கூடாது."

"நீங்க வழி தவறினா?"

அண்ணன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "எழுதினது தப்புன்னு ஒத்துக்கறேன். புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கறேன். அந்தப் பேச்சை அப்புறம் எடுக்க மாட்டேன்."

சமையலறை வாசலில் நின்ற அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். காற்புள்ளிக்கும் பகீரென்றது. அந்தப் புத்தகத்தை எடுத்துவிட்டால் அண்ணனிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கூடம் முழுக்க ஒட்டிய கடல் வரைபடங்களும் ஒரு ஜோடி மூக்குக் கண்ணாடியும்தான்.

மைத்துனர் இன்னொரு நிபந்தனையும் போட்டார். "பயணக் குறிப்பை உங்க தங்கச்சி எழுதட்டும். அவ பொய் எழுத மாட்டா. பொய்யில எங்கேயாவது எழுத்துப்பிழை வந்துடுமோன்னு பயப்படுவா."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமைக்குள் ஒரு முள் இருப்பது அப்போது தெரியவில்லை.

படகு பழுதுபார்க்கும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு முற்றத்தில் தெப்பம் உருவானது. ஆணி கிடையாது, இரும்பு கிடையாது. மூங்கிலை மூங்கிலோடு வைத்து நார்க்கயிற்றால் கட்டி, நடுவில் ஒரு பாய்மரம் நட்டார்கள். ஆபத்துக்கு மட்டும் ஒரு ரேடியோ, அரக்கு முத்திரை வைத்த பெட்டியில். முத்திரை உடைந்தால் பயணம் செல்லாது. கட்டியவர் ஒரு தச்சர். ஆறடி உயரம், அதற்கு மேல் மரியாதை. பஸ்ஸில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. யார் ஏறினாலும் எழுந்து இடம் விட்டுவிடுவார். ஒருமுறை ஏறியவர் கண்டக்டர் என்பது தெரிந்த பிறகும் உட்காரவில்லையாம். கடலில் பின்துடுப்பைப் பிடித்துத் திசை திருப்பும் பொறுப்பும் அவருக்குத்தான்.

அண்ணனுக்கு ஒரு பிடிவாதம். "ஆதி மனுஷன் லெஃப்ட்டு, ரைட்டுன்னா சொல்லிட்டுப் போனான்? தெப்பத்துல பழஞ்சொல்தான். இடம்னா இடப்பக்கம், வலம்னா வலப்பக்கம். பிடின்னா துடுப்பை இழுங்க, விடுன்னா தளர்த்துங்க. 'வலம் பிடி', 'இடம் விடு'. அவ்வளவுதான். புரியுதா?"

"புரியுதுங்க," என்றார் தச்சர், உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டே. முற்றத்தில் ஒத்திகை பிரமாதமாக நடந்தது. அங்கே அலை இல்லை.

சிக்கல் வந்தது மூட்டையில். சமையலுக்கு வேறு யாரையாவது அழைத்துப்போகலாம் என்று அண்ணன் ஆரம்பித்தபோதே அண்ணி முடித்துவிட்டாள். "நீங்க ஒன்பது நாள் படிச்சுக்கிட்டே சாப்பிட மறந்துடுவீங்க. நான் வர்றேன்." வந்தவள் வெறுங்கையோடு வரவில்லை. ஈரச் சாக்கில் விதைக்கிழங்கு, மண்பானையில் தானியம், இரண்டு கோழி, ஒரு சேவல். கடைசியாக, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஓர் அரைகல்.

அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டார். "இது பதிமூணு கிலோ. வழியில எவ அரைக்கப்போறா?"

"போற இடத்துல கல்லு கிடைக்குமோ என்னவோ."

"ஆதி மனுஷன் அரைகல்லைத் தூக்கிட்டா போனான்?"

"ஆதி மனுஷன் எப்படிப் போனானோ எனக்குத் தெரியாது. கூட ஒரு பொம்பளை போயிருந்தா, தூக்கிட்டுத்தான் போயிருப்பா," என்றாள் அண்ணி. கல்லை மூங்கில் மேடையில் வைத்து நான்கு சுற்றுக் கயிறு போட்டுக் கட்டினாள்.

அண்ணன் வீம்புக்கு ஒரு காரியம் செய்தார். "எடைன்னா எடைதான். கல்லு ஏறினா இது இறங்கணும்" என்று உபரித் துடுப்பைத் தூக்கிக் கொட்டகையில் சாத்திவிட்டு வந்தார். காற்புள்ளி குறிப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினாள். கடைசி வரி: 'அரைகல் ஒன்று. பதிமூன்று கிலோ. எதிர்ப்புக்கிடையே ஏற்றப்பட்டது.'

முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் வாந்தி. ஆராய்ச்சியாளர் அதிலும் முதலிடம். சேவல் மட்டும் திடமாக நின்றது. மூன்றாம் நாள் கடல் ஒருவழியாக அவர்களை வீட்டு மனிதர்களாக ஏற்றுக்கொண்டது. அண்ணி மண்சட்டியில் கிழங்கு வேகவைத்தாள். தச்சர் துடுப்பைப் பிடித்தபடி, தெப்பத்தை உரசிப் போகும் மீன்களுக்குக்கூடக் கொஞ்சம் ஒதுங்கி நின்றார். அண்ணன் சூரியனைப் பார்த்தார், அலையைப் பார்த்தார், 'வலம் பிடி' என்றார், தெப்பமும் வலப்பக்கம் திரும்பியது. அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பத்தொன்பது வருஷமாகத் தாளில் இருந்த மனிதன் உயிரோடு எழுந்து வந்து பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு சந்தோஷம். நான்காம் நாள் சாயங்காலம் கணக்குப் போட்டுப் பார்த்தார். தென் விரிகுடாவுக்கு நேர்கோடு. "மச்சான் முன்னுரைக்கு இப்பவே பேனாவுக்கு மை போட்டு வைக்கலாம்," என்றார்.

ஆனைக்கும் அடி சறுக்கும். ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குப் பெரிய அலை ஒன்று இடப்பக்கமாக எழும்பி வந்தது. துடுப்பைத் தளர்த்தினால் தெப்பம் அதன் மேல் சாய்ந்து ஏறிவிடும். அண்ணன் அடித்தொண்டையில் கத்தினார்.

"இடம் விடு."

தச்சர் துடுப்பை விட்டுவிட்டு, இரண்டடி நகர்ந்து, "வாங்க, நில்லுங்க" என்றார்.

யாருக்கு இடம் விட்டார் என்று அவருக்கே தெரியாது. நாற்பது வருஷப் பழக்கம். துடுப்பு கயிற்று வளையத்திலிருந்து துள்ளி, ஒருமுறை புரண்டு, நிதானமாக மிதந்து போனது. நான்கு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சேவல்கூட ஒன்றும் சொல்லவில்லை.

"உபரித் துடுப்பு இருக்குல்ல?" என்றாள் காற்புள்ளி. கேட்டு முடிக்குமுன்னே அது கொட்டகைச் சுவரில் சாய்ந்து நிற்கும் காட்சி கண் முன்னால் வந்துவிட்டது. அண்ணன் அரைகல்லைப் பார்த்தார். அண்ணி வானத்தைப் பார்த்தாள்.

தச்சர் ஒரு மூங்கில் கழியைக் கட்டிப் பார்த்தார். தெப்பம் அதை மதிக்கவில்லை. அன்றிலிருந்து காற்று போன போக்கில் பாய் போனது, பாய் போன போக்கில் தெப்பம் போனது, ஆராய்ச்சி அதன் பின்னால் போனது. தச்சர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. "என்னால உங்க படிப்பே போச்சுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி தட்டைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள். "தமிழ்ல ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருந்தா அது உங்க தப்பா? சாப்பிடுங்க. காத்து நல்ல பக்கமாத்தான் அடிக்குது. ரேடியோவைத் தொடற அளவுக்கு ஒண்ணும் ஆகலை."

ஆறாம் நாள் ஒரு கோழி முட்டையிட்டது. அதைக் கொண்டாடக்கூட அண்ணன் திரும்பவில்லை.

ஏழாம் நாள் அவர் தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாப்பா, அஞ்சாம் நாளுக்கு என்ன எழுதியிருக்கே?"

"நடந்ததை."

"'கடல் கொந்தளிப்பில் துடுப்பு சற்றுச் சேதமடைந்தது'ன்னு போட்டா?"

"கொந்தளிப்புல போகலைண்ணா. மரியாதையில போச்சு. சேதமும் அடையலை. முழுசாப் போச்சு."

அவர் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு வரி. காத்து இதே மாதிரி அடிச்சா எப்படியும் தீவுக்குப் போயிடுவோம். அந்த வரி இல்லைன்னா நாம ஓட்டிட்டுப் போனதாத்தான் அர்த்தம். இருந்துச்சுன்னா, காத்து அடிச்சுட்டுப் போனதா அர்த்தம். மச்சான் சொன்னதை நானே கடலைத் தாண்டிப் போய் நிரூபிச்ச மாதிரி ஆயிடும். பத்தொன்பது வருஷம் பாப்பா."

தண்ணீரில் மை கலங்கும் என்பதால் பென்சிலால்தான் எழுதியிருந்தாள். பென்சிலின் மறுமுனையில் சின்னதாக ஒரு ரப்பர் இருந்தது. அவள் அதைத் திருப்பி அந்த வரியின் மேல் வைத்தாள். அழித்துவிடலாம் என்றுதான் இருந்தது. அண்ணனுக்காக எதைத்தான் செய்யமாட்டாள்? கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கை நகரவில்லை.

"எழுதினவங்க சம்மதம் இல்லாம யாரோட வரியையும் நான் எடுத்ததில்லைண்ணா. இதை எழுதினது நான். எனக்குச் சம்மதமில்லை." குரல் தடுமாறியது, தடுமாறியதே கோபமாகவும் மாறியது. "எழுதறது என் வேலை. உனக்குப் பிடிக்கலைன்னா படிக்கும்போது நீ தாண்டிப் போய்க்கோ."

அண்ணன் எழுந்துபோய்ப் பாயின் மறுபக்கத்தில் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார். இருபதடித் தெப்பத்தில் கோபித்துக்கொண்டு போவதற்கு அதற்கு மேல் இடமில்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். ஒன்பதாம் நாள் காலை தீவு தெரிந்தது. பதினோரு மணிக்குத் தெப்பம் மணலில் உரசி நின்றது. தென் விரிகுடாவில் இல்லை. வடகரையில், ஒரு டயர் பழுதுபார்க்கும் கடைக்குப் பின்னால். கடைக்காரர் கையில் டியூபோடு வெளியே வந்து நான்கு பேரையும் மூன்று கோழிகளையும் பார்த்தார். "பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம்," என்றார்.

வரவேற்புக் கூட்டம் தெற்கே காத்திருந்ததால் இவர்கள் டவுன் பஸ் ஏறித்தான் போக வேண்டியிருந்தது. கண்டக்டர் சேவலுக்கு லக்கேஜ் டிக்கெட் போடுவதா, அரை டிக்கெட் போடுவதா என்று யோசித்துவிட்டு, அது அவரை முறைத்ததும் விட்டுவிட்டார். அண்ணி ஒரு கோணிப்பையில் அரைகல்லைப் போட்டு மடியில் வைத்திருந்தாள். தச்சர் நின்றுகொண்டு வந்தார். பஸ்ஸில் ஒன்பது இருக்கை காலி.

தீவின் அருங்காட்சியகம் ஒரே ஒரு கூடம். சுழலும்போது முனகும் மின்விசிறி, நாற்பது நாற்காலி, சுவரோரம் கண்ணாடிப் பெட்டிகள். அண்ணனும் மைத்துனரும் கட்டிக்கொண்டார்கள். மைத்துனர் மூன்று நாளாகத் தென் விரிகுடாவில் பைனாகுலரோடு நின்றதில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. தன் தங்கையான அண்ணியின் தலையைத் தொட்டுப் பார்த்து, "நல்லா இருக்கியா, நல்லா இருக்கியா" என்று நான்கு தடவை கேட்டார். அதற்குள் காற்புள்ளி சுவரோரம் போய்க் கண்ணாடிப் பெட்டிகளில் ஒட்டிய சீட்டுகளையெல்லாம் வரிசையாகப் படித்துவிட்டாள். அச்சடித்தது எதுவும் கண்ணில் பட்டால் படிக்காமல் அவளால் இருக்க முடியாது. மூன்றாவது சீட்டில் ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தது.

கூட்டம் உட்கார்ந்தது. ஊர்க்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள், இரண்டு நிருபர்கள். மைத்துனர் எழுந்தார்.

"நூத்தெண்பது மைல் வந்து பதினோரு மைல் தள்ளி இறங்கியிருக்காங்க. நான் சின்னப்புத்திக்காரன் இல்லை. அதைப் பெரிசுபடுத்த மாட்டேன். துடுப்பைப் பிடிச்சு ஓட்டிட்டு வந்திருந்தாப் போதும், தோத்துட்டேன்னு ஒத்துக்கறேன். பயணக் குறிப்பு எங்கே? நானே படிக்கறேன்." சட்டைப்பையைத் தடவினார். மூக்குக் கண்ணாடி பைனாகுலரோடு விரிகுடாவில் தங்கிவிட்டிருந்தது. "சரி, நீங்களே படிங்க மாப்பிள்ளை. எனக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கு."

நோட்டு அண்ணன் கைக்குப் போனது. காற்புள்ளிக்குத் தெப்பத்தில் தான் சொன்னது நினைவு வந்தது. 'படிக்கும்போது தாண்டிப் போய்க்கோ' என்று சொன்னது அவளேதான். அந்தப் பொடி எழுத்தை இந்தக் கூடத்தில் வேறு யாராலும் எட்டிப் பார்த்துப் படிக்க முடியாது. ஒரு வரியைத் தாண்டினால் புத்தகம் பிழைக்கும், முன்னுரை வரும். மைத்துனர் வேறு நம்பிக்கை என்கிறார்.

அண்ணன் முதல் பக்கத்தைச் சாமான் பட்டியல்தானே என்று புரட்டிவிட்டு, முதல் நாளிலிருந்து தொடங்கினார். வாந்தியைப் படித்தார். மீனைப் படித்தார். நான்காம் நாள் நேர்கோட்டைக் கொஞ்சம் நீட்டிப் படித்தார். ஐந்தாம் நாள் வந்ததும் நிறுத்தினார். ஒருமுறை தங்கையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"'ஐந்தாம் நாள், காலை பத்து மணி,'" என்று மெதுவாக ஆரம்பித்தார். "'அண்ணன் இடம் விடு என்றார். துடுப்பை இடப்பக்கம் தளர்த்து என்பது அவர் பொருள். தச்சர் துடுப்பை விட்டுவிட்டு நகர்ந்து நின்று, வாங்க, நில்லுங்க என்றார். துடுப்பு போயிற்று. பிழை சொல்லில், ஆளில் இல்லை. இனித் தெப்பத்தை ஓட்டுவது காற்று.'"

டயர் கடைக்காரர்தான் முதலில் சிரித்தார், கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே வந்திருந்தார் மனிதர். அப்புறம் கூடமே குலுங்கியது. மைத்துனர் மேஜையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். தச்சர் எழுந்து எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் போட்டார். அண்ணனும் சிரித்தார். ஒன்பது நாளில் முதல் தடவை, வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த நிமிஷம் காற்புள்ளிக்கு அண்ணன் மேல் வந்த பாசம் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அடங்காது.

மீதியையும் படித்து முடித்தார். "'ஒன்பதாம் நாள். கரை. பிழைத்தோம்.'" நோட்டை மூடினார். "மச்சான், ஓட்டிட்டு வரலை. காத்து அடிச்சுத்தான் வந்தோம். நீங்க சொன்னது சரி. என் புத்தகத்தை..."

"அண்ணா, இன்னும் முடியலை," என்றாள் காற்புள்ளி. எழுந்து நின்ற பிறகுதான் தான் எழுந்தது அவளுக்கே தெரிந்தது. "முதல் பக்கத்தை விட்டுட்டே."

"அது சாமான் பட்டியல்தானே."

"படி."

படித்தார். கிழங்கு, தானியம், கோழி இரண்டு, சேவல் ஒன்று. 'அரைகல் ஒன்று. பதிமூன்று கிலோ. எதிர்ப்புக்கிடையே ஏற்றப்பட்டது.' அண்ணி மடியிலிருந்த கோணிப்பையை அவிழ்த்தாள்.

"உங்க ரெண்டு பேர் புத்தகத்துக்கும் புரூஃப் பார்த்தவ நான்," என்றாள் காற்புள்ளி. "எழுத்துப்பிழை எல்லாம் பிடிச்சேன். விடுபட்டதைப் பிடிக்கலை. அறுநூத்துப் பன்னிரண்டு பக்கத்துலயும் 'அவன் போனான்'. நாற்பது பக்கத்துலயும் 'அவன் ஒதுங்கினான்'. அவன் மட்டும்தான்னா இந்தத் தீவுல குழந்தை எப்படிப் பொறந்துச்சு? அத்தான், உங்க பின்னாடி இருக்கற பெட்டியில என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. உங்ககிட்டதான் மூக்குக் கண்ணாடி இல்லையே, நானே சொல்றேன். அரைகல். இந்தத் தீவில் கிடைக்காத பாறை. மூவாயிரம் ஆண்டு. பக்கத்துப் பெட்டியில கோழி எலும்பு, அதே வயசு."

மைத்துனர் திரும்பிப் பார்த்தார். அண்ணி தன் கல்லைக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வைத்தாள். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை போல இருந்தன, ஒன்று கொஞ்சம் மூத்தது.

"ஏண்ணே," என்றாள் அண்ணி தன் கூடப்பிறந்தவரைப் பார்த்து, "போன மாசம் மீன் பிடிக்கப் போனியே, என் அண்ணியைக் கூட்டிட்டுப் போனியா? சேவலையும் கோழியையும் எடுத்துட்டுப் போனியா? தூண்டில் போடப் போறவன் பதிமூணு கிலோ கல்லைத் தூக்கிட்டா போவான்? வழி தவறிப் போறவன் மூட்டை கட்ட மாட்டான்ண்ணே. இது குடி போன சாமான்."

இருபது வருஷத்தில் அந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடியது அன்றுதான்.

கடைசியில் மைத்துனர்தான் பேசினார். "அப்போ கிளம்பினது தெரிஞ்சுதான்."

"வந்து சேர்ந்தது தெரியாமத்தான்," என்றார் அண்ணன். அவர் குரலில் புதிதாக ஒன்று ஊறிக்கொண்டிருந்தது. "எல்லாத் தெப்பமும் தென் விரிகுடாவுல இறங்கியிருக்காது. நம்மளை மாதிரி நாலு பேர் வடகரையில இறங்கியிருப்பாங்க. ஆனா மூட்டையோட இறங்கியிருப்பாங்க. மச்சான், முன்னுரை?"

"பாதி முன்னுரை எழுதறேன். மீதியை நீங்க ஒத்துக்கணும்."

"ஒத்துக்கிட்டேன். மூணு நாள் வெயில்ல நின்னிருக்கீங்க, மூக்குக்கு எதையாவது தடவுங்க."

அடுத்த எட்டு மாதம் இருவரும் சேர்ந்தே புத்தகத்தை எழுதினார்கள். அதாவது தினமும் சண்டை போட்டார்கள், சண்டையில் எஞ்சியதை எழுதினார்கள். நூற்று நாற்பது பக்கம் தேறியது. முதல் அத்தியாயத்தின் பெயர் 'அவள் மூட்டை கட்டினாள்'. அதற்கு முன் பக்கத்தில் அண்ணி தன் கைப்பட எழுதித் தந்த சாமான் பட்டியல். இருவருமே அதில் ஓர் எழுத்தை மாற்றத் துணியவில்லை. ஐந்தாம் நாள் குறிப்பைப் பென்சில் எழுத்தோடு அப்படியே படமாகப் போட வேண்டும் என்று அண்ணனே கேட்டு வாங்கிக்கொண்டார்.

கடைசிப் பக்கத்தின் புரூஃப் வந்த அன்று, அச்சுக்கோப்பவர் தாளை நீட்டிக்கொண்டு காற்புள்ளியின் மேஜைக்கு வந்தார். கடைசி வாக்கியத்தின் கீழே கோடு போட்டிருந்தார்.

"'புறப்பட்டார்கள், பிழைத்தார்கள்'னு முடியுது. உங்க அண்ணன் உயிர் பிழைச்சாங்கன்னு அர்த்தம், தொடாதேங்கறார். அந்தப் பேராசிரியர், பிழைத்தார்கள்னா வழி பிழைத்துப் போனாங்க, தப்புப் பண்ணினாங்கன்னு அர்த்தம், தொடாதேங்கறார். ரெண்டு பேரும் தாங்கதான் ஜெயிச்சதா நினைச்சுக்கிட்டு இருக்காங்க. நான் எதைன்னு எடுத்துக்கறது?"

காற்புள்ளி வாக்கியத்தைப் படித்தாள். ஒன்பதாம் நாள் மணலில் உட்கார்ந்து 'பிழைத்தோம்' என்று எழுதியபோது எந்த அர்த்தத்தில் எழுதினோம் என்று யோசித்துப் பார்த்தாள். கோழிகளும் கல்லும் கரையேறிக்கொண்டிருந்தன, தச்சர் ஒவ்வொருவருக்காக ஒதுங்கி வழி விட்டுக்கொண்டிருந்தார். எந்த அர்த்தம் என்று அவளுக்கும் தெரியவில்லை.

இருபத்திரண்டு வருஷத்தில் இரண்டு அர்த்தம் தரும் எந்த வாக்கியத்தையும் அவள் தாண்டவிட்டதில்லை. பேனாவை எடுத்தாள். ஓரத்தில் சின்னதாக, 'இருக்கட்டும்' என்று எழுதித் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.